கையொப்பமிட்ட படங்கள்

முகமது அலி கையொப்பமிட்ட படத்தைப் பெருவிலை கொடுத்து வாங்கிச் சட்டமிட்டு மாட்டும் அன்பர்களோடு நமக்குப் பகையில்லை. ஆயினும் சற்று ஐயத்தோடுதான் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளையாட்டு வீரர்களின் போலிக் கையொப்பம் அமெரிக்காவில் ஒரு தொழிலாகவே நடந்தது. 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்ட அலியின் பிற்காலக் கையெழுத்து இளமைக்கால எழுத்தைப் போன்றதன்று. மெய் எது, பொய் எது என்று தேர்வது எளிதா என்ன?

1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதியதை இன்றும் பேசுகிறோம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் பெயரால் வடசென்னையில் மேடையேறியவர்களையோ, 2021இல் பா. இரஞ்சித்தின் திரைப்படம் வந்த பிறகே நம்மில் பலர் விசாரிக்கத் தொடங்கினோம்.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மாத்தூரிலும் உள்ள வாசகர்களிடம் நாம் கேட்பது இதுதான். உங்கள் தெருவில் பழைய குத்துச்சண்டை வீரர் எவரேனும் இருந்தால், அவர் வீட்டுச் சுவரிலுள்ள படத்துக்குப் பிரதி எடுங்கள். மூலப்படம் அங்கேயே இருக்கட்டும். பிரதியின் பின்புறம் எதிராளி யார், எந்த ஆண்டு, எந்த மைதானம் என்று அவரையே எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். விரல் நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கீழே பெருவிரல் ரேகை போதும்.