பக்கத்து வீட்டுச் சீட்டு நம் வீட்டு மருந்து ஆகாது!

வலி இல்லாத வீடு உண்டா?

பாட்டிக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு இடுப்பு வலி. அண்ணனுக்குப் பல் வலி. நாற்று நட்டு வந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் வலி.

வலி வந்ததும் என்ன செய்கிறோம்? அலமாரியைத் திறக்கிறோம். பழைய மாத்திரை அட்டை ஒன்று கிடக்கிறது. "போன வருஷம் டாக்டர் கொடுத்தது. நன்றாகக் கேட்டது" என்கிறார் ஒருவர். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக் கொள்கிறோம். மாத்திரை தீர்ந்து விட்டால், வெறும் அட்டையைக் கையில் எடுத்துக் கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். "இதே மாதிரி பத்துக் கொடுங்கள்" என்று கேட்கிறோம்.

இந்தப் பழக்கம் கெட்ட பழக்கம். இதை விட்டு விட வேண்டும். ஏன் என்று சொல்கிறோம்.

எந்த மாத்திரை?

வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. நாம் இங்கே சொல்வது "டைக்ளோபினாக்" என்ற மருந்தைப் பற்றி. சுவிட்சர்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றில் இது கண்டுபிடிக்கப்பட்டது. வலி, வீக்கம் இரண்டையும் சேர்த்துக் குறைக்கும். மூட்டு வாதம், சுளுக்கு, பல் வலி, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலி ஆகியவற்றுக்கு டாக்டர்கள் இதை எழுதிக் கொடுக்கிறார்கள்.

நல்ல மருந்து தான். எழுந்து நடக்க முடியாதவரை நடக்க வைக்கும். ஆனாலும், இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. காரணம் இல்லாமலா அப்படிச் சொல்வார்கள்?

வயிறு வேறு, முழங்கால் வேறு!

உடம்பில் அடிபட்ட இடத்தில் "புரோஸ்டாகிளாண்டின்" என்ற ஒரு பொருள் ஊறுகிறது. வலியையும் வீக்கத்தையும் கிளப்பி விடுவது அது தான். ஆஸ்பிரின் மாத்திரை அந்தப் பொருள் ஊறாமல் தடுக்கிறது என்பதை 1971-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன் கண்டு சொன்னார். அதற்காக 1982-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டைக்ளோபினாக்கும் அதே வழியில் தான் வேலை செய்கிறது.

அந்தப் பொருளுக்கு வேறு வேலைகளும் உண்டு. வயிற்றில் ஊறும் அமிலம் குடலை அரித்து விடாமல் காப்பது அது. சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போக உதவுவதும் அது.

மாத்திரைக்கு முழங்கால் எது, வயிறு எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் தடுத்து விடும். அதனால் தான் சிலருக்கு வயிற்றில் புண் வருகிறது. ரத்தம் கசிகிறது. சிலருக்குச் சிறுநீரகம் கெடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுகிறது. அளவும் நாளும் கூடக் கூட, ஆபத்தும் கூடும்.

கழுகுகள் சொன்ன பாடம்

ஒரு காலத்தில் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. 1990-க்குப் பிறகு அவை மளமளவென்று செத்து விழுந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்த இனமும் உண்டு. யாருக்கும் காரணம் புரியவில்லை. 2004-ம் ஆண்டில் உண்மை வெளியாயிற்று. வலிக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி தான் காரணம். அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. 2006-ம் ஆண்டில், மாடுகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்க மத்திய அரசு தடை போட்டது.

மனிதன் கழுகு அல்ல. கழுகுக்குக் கொடிய விஷமாக இருப்பது நமக்கு அளவோடு மருந்தாகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு உடம்புக்கு மருந்து, இன்னொரு உடம்புக்கு விஷம்! மனிதருக்கு மனிதரும் உடம்பு வேறுபடும்.

யாருக்கு ஆகாது?

வயிற்றுப் புண் உள்ளவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஆஸ்பிரின் போன்ற மாத்திரையால் மூச்சுத் திணறல் வந்தவர்கள் இதைத் தொடக் கூடாது.

மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று 2013-ம் ஆண்டில் ஐரோப்பிய மருந்துக் கழகம் எச்சரித்தது.

கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அறிவித்தது. வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

ரத்தக் கொதிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலி மாத்திரைக்காகக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தி விடவும் கூடாது.

காய்ச்சலோடு உடம்பு வலி வந்தால் மிகவும் எச்சரிக்கை தேவை. அது டெங்குவாக இருந்தால், இந்த மாத்திரை ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

பெயர் இரண்டு, சரக்கு ஒன்று!

பலர் ஏமாறும் இடம் இது. பல் டாக்டர் ஒரு மாத்திரை தருகிறார். எலும்பு டாக்டர் வேறொரு மாத்திரை தருகிறார். அட்டையின் நிறம் வேறு. பெயரும் வேறு. ஆனால் இரண்டிலும் இருப்பது டைக்ளோபினாக்காகவே இருக்கலாம். அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் என்பனவும் இதே குடும்பத்து மருந்துகள் தான். இரண்டைச் சேர்த்துச் சாப்பிட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. வயிற்றுக்குத் தான் கேடு.

அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர் தனியே இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அல்லது இரண்டு அட்டையையும் டாக்டரிடமே காட்டுங்கள்.

சாப்பிடுவது எப்படி?

வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள்.

டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். அதற்கு மேல் ஒன்று கூட வேண்டாம். பெரியவர்களுக்கே நாள் ஒன்றுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பது வழக்கம் இல்லை. 50 மில்லிகிராம் மாத்திரை மூன்று சாப்பிட்டாலே அந்த அளவு வந்து விடும்.

ஒரு வேளை மறந்து விட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சாப்பிடாதீர்கள். மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்காதீர்கள், பொடி செய்யாதீர்கள். மது அருந்துகிறவர்களுக்கு வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம்.

வாந்தியோ பேதியோ வந்தால் மாத்திரையை நிறுத்தி டாக்டரைக் கேளுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும் போது இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உடனே ஓடுங்கள்!

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், வாந்தியில் ரத்தம் வந்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், முகமோ உதடோ வீங்கினால், பேச்சுக் குழறினால், கை கால் விழுந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். கால் வீங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

யார் பொறுப்பு?

"டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகுமே" என்று உழைப்பாளி கேட்கலாம். நியாயமான கேள்வி தான். மூட்டை தூக்குகிறவருக்கு வலி நின்றால் தான் வேலை; வேலை செய்தால் தான் சோறு. மாத்திரையை வாங்கி விழுங்கி விட்டு வேலைக்குப் போகிற அவரை மட்டும் குறை சொல்வது தர்மம் ஆகாது.

ஆகவே டாக்டர்களை ஒன்று கேட்கிறோம். சீட்டில் எத்தனை நாள் என்று தெளிவாக எழுதுங்கள். "இதற்கு மேல் வாங்கிச் சாப்பிடாதே" என்று வாய் விட்டும் சொல்லுங்கள். மருந்துக் கடைக்காரர்களையும் கேட்கிறோம். வெறும் அட்டையைக் காட்டினால் கொடுக்காதீர்கள். ஒரு அட்டை விற்காவிட்டால் உங்களுக்குச் சில ரூபாய் நஷ்டம். விற்றால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

குடும்பத்தாருக்குச் சொல்வது இது தான். கூலி போகுமே என்று பார்த்தால், பிறகு சிறுநீரகம் போகும். அப்புறம் எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் வைத்தியம் பார்க்கிறார்கள். வலி அடிக்கடி வந்தால், அதற்குக் காரணம் என்ன என்று அங்கே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். அலமாரியைத் திறந்து பாருங்கள். யாருக்கு, எப்போது கொடுத்தது என்று தெரியாத மாத்திரை அட்டை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அதை யாரும் சாப்பிட வேண்டாம்!