கைதட்டினால் சூடு குறையுமா?

2021 நவம்பர், கிளாஸ்கோ பருவநிலை மாநாடு. இஸ்திரி வண்டியில் கரிக்குப் பதில் சூரிய மின்சாரம் என்று யோசித்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், "பேசியது போதும், செய்யுங்கள்" என்கிற தொனியில் பேசினார். தலைவர்கள் கைதட்டினார்கள்.

பிறகு? அதே மாநாட்டின் முடிவில், நிலக்கரியை 'ஒழிப்போம்' என்ற வரி, நம் நாடே கேட்டு, 'குறைப்போம்' ஆனது!

நல்ல பேச்சு நம்பிக்கை தருமாம். தரட்டும். ஆனால் வெயில் போன பிறகு அந்த வண்டி சூடாக பேச்சு போதாது, பேட்டரி வேண்டும். காரைக்குடி 'சிக்ரி'யில் பேட்டரி ஆய்வு நடக்கிறது. அந்த ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் அழகப்பச் செட்டியார். நம்பிக்கை என்றால் அதுதான்.

கைதட்டிய கைகள் இனி பைக்குள்ளும் போகட்டும்!