மறுபடியும் பழுதா? மறுபடி போடுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்

அலுவலகத்தில் வேலை செய்யும் அம்மாவிடமோ அப்பாவிடமோ இன்று இரவு ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் கணினி கடைசியாக எப்போது நின்றுபோனது?" பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "அது எப்போதும் அப்படித்தான். நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும்."

சரியாகிவிடும் என்பது உண்மைதான். அடுத்த வாரம் அதே கணினி அதேபோல நிற்கும். மூன்றாம் முறை தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார், ஏதோ ஒரு பாகத்தை மாற்றுவார், புகார் தீர்ந்தது என்று குறித்துக்கொண்டு போவார். நான்காம் முறை நிற்கும்போது வேறொருவர் வருவார். முன்பு வந்தவர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது அவருக்குத் தெரியாது.

"எப்போதும் அப்படித்தான்" என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஆய்வுக்கூடத்தில் ஒரு நிகழ்வு திரும்பத் திரும்ப நடந்தால் அதைத் தரவு என்று எழுதிக்கொள்கிறோம். அலுவலகத்தில் அதையே தொல்லை என்று ஒதுக்குகிறோம்.

இப்படி ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. டெல் நிறுவனம் அலுவலகங்களுக்காக ஆப்டிபிளெக்ஸ் என்ற கணினிகளை விற்றுவந்தது. 2003 முதல் விற்ற சில வகைகள் ஓராண்டு, ஈராண்டிலேயே ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. தாய்ப்பலகையில் இருந்த மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள், வீங்கி ஒழுகின. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையிலும் கணினிகள் பழுதாயின. டெல் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள்: கடினமான கணக்குகளைப் போடச் சொல்லி நீங்கள் கணினியைக் களைப்படைய வைத்துவிட்டீர்கள்! கணினி என்ற நம் சொல்லே 'கணி' என்ற வேரிலிருந்து வந்தது. கணக்குப் போட்டதால் கணினி கெட்டது என்றால், நடந்ததால் கால் கெட்டது என்பதுபோல் இருக்கிறது.

ஒரு வழக்கின் ஆவணங்கள் 2010ல் வெளியானபோதுதான் முழு அளவு தெரிந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பப்பட்ட கணினிகளில் குறைந்தது 11.8 மில்லியன் இந்த அபாயத்தில் இருந்தன. பழுதான பலகைக்குப் பதிலாக வைத்த பலகையிலும் சில நேரம் அதே வகைக் கெட்ட மின்தேக்கி இருந்தது. இந்தச் சிக்கலுக்காக டெல் 300 மில்லியன் அமெரிக்க வெள்ளி ஒதுக்க வேண்டியதாயிற்று. அதைவிட எனக்கு உறுத்துவது, அந்த அலுவலகங்களில் எத்தனை பேர் "நான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன்" என்று நினைத்திருப்பார்கள் என்பது.

மின்தேக்கிக்கு அங்கே என்ன வேலை? நம் அடுக்குமாடி புளோக்கின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் சீராக வருவது அந்தத் தொட்டியால்தான். கணினியின் செயலியும் அப்படித்தான், ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் மின்னோட்டத்தைக் கூடுதலாகவும் குறைவாகவும் கேட்கும். அதன் அருகில் நிற்கும் மின்தேக்கிகள் சேமித்துவைத்துக் கொடுப்பதால் மின்னழுத்தம் ஆடாமல் இருக்கிறது.

உள்ளே அலுமினியத் தகடும் ஈரக் காகிதமும் சுருட்டப்பட்டிருக்கும். காகிதத்தை நனைக்கும் மின்பகு திரவத்தின் சேர்மானம் சரியில்லையென்றால் அது அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். வாயு வெளியேறுவதற்கென்றே உறையின் தலையில் சிலுவைக் கோடு கீறியிருப்பார்கள். அந்தத் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

நல்ல மின்தேக்கியும் காலப்போக்கில் உலரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறையில் 105 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருக்கிறது, அந்த வெப்பத்தில் ஆயுள் 2,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராய விதி. 65 டிகிரிக்கு வர நான்கு முறை இரட்டிக்க வேண்டும்: 32,000 மணி நேரம். இரவு பகலாக ஓடும் கணினிக்கு அது ஏறத்தாழ 3 ஆண்டு 8 மாதம். மின்விசிறியில் தூசி அடைத்து அதே இடம் 75 டிகிரி ஆகிவிட்டால்? 16,000 மணி நேரம், ஈராண்டுகூட இல்லை. மின்தேக்கியை மட்டும் மாற்றிவிட்டுத் தூசியை விட்டுவைத்தால் புதியதும் அதே வழியில் போகும்.

(பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை வந்திருக்கும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.)

இன்றைய தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் திரவமில்லாத திண்ம மின்தேக்கிகளே இருப்பதால் அந்தப் பழைய நோய் குறைந்துவிட்டது. திரும்பத் திரும்ப வரும் பழுது குறையவில்லை. நினைவகப் பலகையின் தொடுமுனை லேசாக நகர்ந்திருக்கும், மின்வழங்கி தளர்ந்திருக்கும், மின்விசிறி மெதுவாகச் சுற்றும். எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு வெளிநாட்டுக் கதை தேவையில்லை. கணினி என்றால் மேசைமேல் இருப்பது மட்டுமா? புக்கிட் பாஞ்சாங்கில் நீங்கள் ஏறும் இலகு ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. வட்ட ரயில் பாதையும் தானியக்க முறையில் ஓடுவதுதான். 2016ல் அந்த வட்டப் பாதையில் ரயில்கள் திடீர் திடீரென்று சமிக்ஞையை இழந்து அவசரமாக நின்றன. ஆகஸ்டில் சில நாள் இருந்தது, பிறகு நின்றது, நவம்பரில் திரும்ப வந்தது. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்களிடம் பதிவுகள் கொடுக்கப்பட்டன. பதிவில் இருந்தவை நாள், நேரம், இடம், ரயிலின் எண், போகும் திசை. அவ்வளவுதான்.

குறிப்பிட்ட நேரத்தில் நடக்கிறதா? இல்லை. குறிப்பிட்ட நிலையத்திலா? இல்லை. குறிப்பிட்ட ரயிலுக்கா? அதுவும் இல்லை. பிறகு அவர்கள் நேரத்தை ஓர் அச்சிலும் நிலையங்களை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடம் வரைந்தார்கள், நீங்கள் இயற்பியலில் வரையும் தொலைவு-நேர வரைபடம் போலவே. சிதறிக் கிடந்த புள்ளிகள் சாய்ந்த கோடுகளாகச் சேர்ந்தன. ஏதோ ஒன்று எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே, தன்னைக் கடக்கும் ரயில்களைத் தாக்கியிருக்கிறது! அது பிவி46 என்ற ரயில். அதன் பழுதான கருவி மற்ற ரயில்களின் சமிக்ஞையைக் குழப்பியது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ரயில் தானே நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட ரயில்களின் பட்டியலை மட்டும் பார்த்து, நின்ற ரயிலையெல்லாம் பணிமனைக்கு அனுப்பிப் பாகம் மாற்றிக்கொண்டிருந்தால் அது கடைசிவரை அகப்பட்டிருக்காது. அலுவலகத்திலும் குற்றவாளி பக்கத்து மேசையில் இருக்கலாம். அதே நீட்டிப்புக் கம்பியில் செருகிய லேசர் அச்சுப்பொறி, சூடேறும் நொடியில் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். தளர்ந்த மின்வழங்கி உள்ள கணினி அந்த நொடியில் விழும். அச்சுப்பொறி நன்றாகத்தான் அச்சடித்துக்கொண்டிருக்கும்.

"முகப்பில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது எழுத எங்கே நேரம்?" என்று உங்கள் அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. வேலை நடக்க வேண்டும், மறுபடி போடத்தான் வேண்டும். நான் கேட்பது அதற்கு முன் ஒரே ஒரு வரி: நாள், நேரம், திரையில் என்ன இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தோம், அருகில் வேறு எது ஓடியது. மறுபடி போட்டுவிட்டால் அந்தத் தடயம் பெரும்பாலும் போய்விடும். அந்த வரிகளை அலுவலகங்கள் ஆளுக்கொரு மூலையில் விடாமல், பழுது பார்க்க வருபவர் முதலில் படிக்கும்படி ஓரிடத்தில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. காரணம் தெரியாமல் தூக்கிப்போடும் கணினிகளும் அதில்தான் போய்ச் சேர்கின்றன.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அடிக்கடி நின்றுபோகும் ஒரு கணினியின் பக்கத்தில், என் உயர்நிலை மூன்று மாணவர்கள் இருவர் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதுவரை ஒன்பது வரிகள். எட்டு, பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு. வெப்பம்தான் காரணம் என்கிறான் ஒருவன். ஒன்பதாவது வரி, திங்கட்கிழமை காலை 7.40, அறை குளிர்ந்து கிடந்த நேரம். தளர்ந்த மின்தேக்கி குளிரில்தான் அதிகம் சண்டித்தனம் செய்யும் என்கிறான் மற்றவன். பத்தாவது வரிக்காகக் காத்திருக்கிறோம்.