காருக்குப் பிணை யார்?

தமிழிலே ‘புணை’ என்றொரு சொல் உண்டு. தெப்பத்துக்கும் அதுவே பெயர். ஒருவர்பொருட்டு மற்றொருவர் ஏற்கும் பொறுப்புக்கும் அதுவே பெயர். நீரில் இறங்குவோனைத் தாங்குவது தெப்பம். கொடுக்கல் வாங்கலில் இறங்குவோனைத் தாங்குவது பொறுப்பேற்றவன் வாக்கு. ‘பிணை’ என்று நாம் வழங்குவதும், ‘உத்தரவாதம்’ என்று கடைக்காரர் எழுதித் தருவதும் இக்கருத்தின்பாற்பட்டனவே. இச்சொல்லின் பொருளை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு உரைத்து வந்த நான், அதனை முற்ற உணர்ந்தது முறிகண்டியில் ஒரு காரின் பக்கத்தே நின்ற அன்றுதான்.

பண்டிதனுக்கும் மோட்டார்க் காருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக் கூடும். சைக்கிளுக்கு மேற்பட்ட வாகனம் எதுவும் எனக்கு என்றும் இருந்ததில்லை. ஆயினும் என் தமக்கையின் மகன் ஒருவன், வளைகுடா நாட்டிலே பதினோராண்டு உழைத்து மீண்டவன், 2023ஆம் ஆண்டில் ஒரு கார் வாங்க விரும்பினான். சாதாரணக் கார் அன்று; ஏழாண்டு ஓடிய ஜெர்மனிய உயர்தரக் கார். பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒருங்கே உடையது. சில்லுகளின் மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் தாங்குவது. அப்போது வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து தடைப்பட்டிருந்தது. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடையிலே நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலையேறின. விலை 1 கோடியே 30 இலட்சம் ரூபா. அதில் 25 இலட்சத்துக்கு லீசிங்.

“மாமா, ஒரு கையெழுத்துத்தான்” என்றான். கையெழுத்திட்டேன். லீசிங் காரியாலயத்தில் பிணையாளர் இருவர் வேண்டுமென்றார்கள். சம்பளப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலர் சான்றிதழ் யாவும் கொடுத்தேன். என் மருமகன் தவணை தவறான் என்பதற்குப் பிணை இருவர். அந்தக் கார் வழியிலே நில்லாது என்பதற்குப் பிணை ஒருவருமில்லை. செய்த நிறுவனத்தின் உத்தரவாதம் காலங்கடந்து போயிருந்தது. விற்றவரோ தனியார். “தங்கமான கார், தம்பி” என்ற அவர் சொல்லைத் தவிர ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. அதனை அவனும் கேட்கவில்லை, நானுங் கேட்கவில்லை.

நான்காம் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து எல்லோரும் அக்காரில் வந்தோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினால், கார் முன்பக்கம் மண்டியிட்டுக் கிடந்தது. காற்றுப் பைகளிலே காற்றில்லை. பாகன் சொற்கேளாத யானைபோல அது எழ மறுத்தது. சுற்றிநின்ற ஓட்டுநர் பலர் அனுதாபத்தோடு குனிந்து பார்த்தனர். கைவைக்க ஒருவரும் துணிந்திலர். மறுநாள் லொறியொன்றில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினோம்.

அங்கே இரு காற்றுத் தூண்களும் காற்றடைக்கும் கருவியும் மாற்ற 11 இலட்சம் ஆயிற்று. அது முடிந்து இரண்டு மாதங்கூடச் செல்லவில்லை. மின்மோட்டாருக்குரிய பெரிய பற்றரித் தொகுதி பழுதென்று கணினி காட்டிற்று. அதற்குக் கேட்டது 35 இலட்சம். கார் கராஜில் கிடந்தது. ஒருநாள் அவன் தொலைபேசியில், “மாமா, கார் நிக்குது, லீசிங் மட்டும் ஓடுது” என்றான். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த இரு தவணைகளையும் நானே கட்டினேன். என் இலக்கணக் குறிப்புகளை நூலாக அச்சிடுவதற்கென்று வங்கியில் இட்டிருந்த பணம் அது.

இவ்வனுபவத்திலிருந்து நான் கண்ட முதல் உண்மை இது: உயர்தரக் காருக்கு வயதேற விலை தேயும், அதன் உறுப்புகளின் விலை தேயாது. பிறநாடுகளிலே இத்தகைய கார்கள் சில ஆண்டுகளிலேயே விலையிற் பாதியை இழப்பது வழக்கம். அதைக் கண்டு, ‘பெரிய கார் சிறிய விலைக்கு வந்தது’ என்று மகிழ்பவர் பலர். ஆனால் பழுதானபின் வாங்கும் பாகம் பெரிய காரின் பாகமே. அதற்குப் பெரிய காரின் விலையே. நம் நாட்டிலோ இறக்குமதித் தடைக் காலத்தில் அந்த விலைத் தேய்வுதானும் இல்லை. பாகங்களோ டொலர் கொடுத்து வருபவை. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே பழைய உயர்தரக் காரை வாங்குபவன் காரை மட்டும் வாங்குவதில்லை. முன்னிருந்த நிறுவனம் சுமந்த பொறுப்பையும் சேர்த்து வாங்குகிறான். அதற்கு விலைச்சீட்டு ஒட்டப்படுவதில்லை.

‘எங்கள் ஊரிலே ஒஸ்ரின் ஏ-40 காரும் மொறிஸ் மைனரும் எந்த உத்தரவாதத்தில் ஓடின?’ என்று என் நண்பராகிய ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1990களிலே பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிரூட்டி, மண்ணெண்ணெயில் அக்கார்களை ஓட்டிய ஊர் யாழ்ப்பாணம். அவற்றுக்குப் பிணையாக நின்றது நம்மவர் அறிவு. வேப்பமரத்தின் கீழே ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பரப்புவார். தேய்ந்ததைக் கண்ணாற் காண்பார். கிடையாத பாகத்தைக் கடைந்தெடுப்பார். இன்றைய உயர்தரக் காரின் நிலை வேறு. அதனுள்ளே பல கணினிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. சில பாகங்களை மாற்றினால் மட்டும் போதாது. அவை அந்தக் காருக்கே உரியவை என்று கணினிக்கு அறிவித்தாலன்றி அவை இயங்கா. அதற்குத் தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் வேண்டும். நம் அறிவு எட்டுமிடத்தில் உத்தரவாதம் இல்லாமலும் சமாளிக்கலாம். அறிவு எட்டாத இடத்தில் உத்தரவாதமே தெப்பம். தெப்பமின்றி ஆழத்தில் இறங்குவது துணிவு ஆகாது.

இனி, வாங்குவோன் அறியாததை விற்போன் அறிந்திருப்பதால் விளையும் கேட்டை ஒரு பொருளியல் அறிஞரே ஆராய்ந்துள்ளார். ஜோர்ஜ் அகர்லோவ் என்பார் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் மற்றிருவரோடு நோபெல் பரிசும் பெற்றார். நல்ல காரையும் தீய காரையும் வாங்குவோன் பிரித்தறிய இயலாதபோது, இரண்டுக்கும் இடைப்பட்ட விலையே கொடுக்க முன்வருவான். அவ்விலைக்கு நல்ல காருடையவன் விற்கமாட்டான். ஈற்றில் சந்தையில் எஞ்சுவன தீயனவே. இதற்கு மாற்றாக அவர் குறித்தவற்றுள் உத்தரவாதமும் ஒன்று. அமெரிக்கர் பழுதான காரை ‘எலுமிச்சம்பழம்’ என்பர். நாமோ கார் வாங்கிய அன்று எலுமிச்சம்பழத்தைச் சில்லின் கீழ் வைத்து நசுக்குகிறோம். சில வேளைகளில் நசுக்கப்படுவது எந்தப் பழம் என்பது பிறகே தெரிகிறது.

சட்டம் காக்காதா எனலாம். ஓரளவுக்குக் காக்கும். நம் நாட்டின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அவ்வகைப் பொருளை வணிகமாக விற்பவனிடம் தரத்தை எதிர்பார்க்கிறது. அங்கும், வாங்குவோன் சோதித்துப் பார்த்திருப்பின், அச்சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி விற்பனை நடந்து மூன்று மாதத்துள் எழுத்தில் முறையிடவேண்டும். எங்கள் கார் படுத்தது நான்காம் மாதம், விற்றவரோ வணிகருமல்லர்.

‘அப்படியானால் உழைத்தவன் நல்ல காரில் ஏற ஆசைப்படலாகாதா?’ என்று என் தமக்கை கேட்டார். ஆசைப்படலாம். ஆசைக்கு நான் பகைவனல்லன். உத்தரவாதமில்லாத காரை வாங்க வேண்டின், அதன் விலையோடு பழுதுக்கென ஒரு தொகையைத் தனியே வைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அவ்வாறு வைத்திருப்பவன் தனக்குத் தானே பிணை. வைக்க இயலாதவனுக்கு அக்கார் எத்துணை மலிவாயினும் எட்டாத காரே.

மாடு வாங்கப்போகும் கமக்காரன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். காருக்கும் பல் உண்டு. செசி இலக்கத்தைக் கொண்டு முகவரிடம் பராமரிப்பு வரலாற்றைக் கேட்கலாம். ஓடிய தூரம் காட்டும் எண்ணைக் குறைத்து மாற்றுவோர் உளர். ஆயினும் பல கார்களில் வேறு கணினிகளிலும் அத்தூரம் பதிந்திருப்பதால், உரிய கருவி கொண்டு ஒப்பிடலாம். விற்பவருடைய மெக்கானிக்கை விடுத்து, நாம் கூலி கொடுக்கும் மெக்கானிக்கைக் கொண்டு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கிப் பார்க்கலாம். பற்றரியின் நிலையை அளந்து எழுத்தில் வாங்கலாம். ‘தங்கம்’ என்பவர் அந்தத் தங்கத்தைக் கடுதாசியில் எழுதித் தரட்டும். எழுதத் தயங்குவாராயின், அத்தயக்கமே விடை. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று பெயர். முதலில் தெரிதல், பின்னரே தெளிதல். நாம் முறையை மாற்றி, முதலில் நம்பிவிட்டுப் பின்னர் ஆராய்ந்தோம்.

இறுதியில் அக்காரை விற்பதென்று முடிவாயிற்று. புரோக்கர் ஒருவர், பற்றரிப் பழுதைக் காட்டும் விளக்கு சில நாள் எரியாதபடி செய்து தருவதாகவும், 1 கோடி தர ஓர் ஆள் ஆயத்தமாக இருப்பதாகவும் கூறினார். மருமகன் என் முகத்தைப் பார்த்தான். “குறையைச் சொல்லி விற்கலாம்” என்றேன். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, மாமா” என்றான். அக்கேள்விக்கு இலக்கணத்தில் விடையில்லை. சிறிது நேரம் பேசாதிருந்தேன். பிறகு, “அதனால்தானே நாங்கள் இப்படி இருக்கிறம்” என்றேன்.

குறையைச் சொல்லி, கணினி அறிக்கையையும் கையிற் கொடுத்து, 72 இலட்சத்துக்கு விற்றான். லீசிங் அடைந்தது. வாங்கியவர் கராஜ் வைத்திருப்பவர். அவர் தமக்குத் தெரிந்ததை வாங்கினார். என் நூல் இன்னும் ஓராண்டு தாழ்த்தே அச்சேறும். அதில் ‘புணை’ என்ற சொல்லுக்கு முன்னர் ஒருவரியில் பொருள் எழுதியிருந்தேன். இப்போது இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: பிறனுக்குப் புணை நிற்குமுன், அவன் ஏறப்போவதற்குப் புணை யார் என்று கேள்.