வெந்த கைக்கு யார் பதில்?

ஆகஸ்ட் வந்தால் கோவையில் மேடை போடுகிறார்கள். 1942 ஆகஸ்ட் 13-ல் சிங்காநல்லூர் பக்கம் போராட்டக்காரர்கள் வெடிமருந்து ரயிலைக் கவிழ்த்ததையும், அதே மாதம் 26-ல் சூலூர் விமானதளத்தை எரித்ததையும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறார்கள். சொல்லட்டும். வெள்ளைக்காரனை எதிர்த்து அடியும் சிறையும் பட்டவர்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். தட்டும்போதெல்லாம் அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாருடைய வெந்த கை கண்முன் வந்து நிற்கிறதே, நான் என்ன செய்ய? இன்ஜினில் கரி அள்ளிப் போட்டவனைப் பற்றி எந்த மேடையிலாவது பேச்சு உண்டா?

அன்னூரில் கிணறு வற்றிப் பண்ணையம் போன பிறகுதான் அப்பாரு பயர்மேன் வேலைக்குப் போனார். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்ட, விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உயிர் அதில்தான். தண்ணீர் இறங்கி நெருப்புப்பெட்டியின் மேல்தகடு காய்ந்தால், பழுத்து இளகும். அடைபட்ட நீராவி அதைப் பிளந்துகொண்டு வரும். எதிரே நிற்பது டிரைவரும் பயர்மேனும். தண்டவாளம் கழன்று இன்ஜின் சாய்ந்தாலும், ஆவிக்குழாய் முறிந்து ஆவி பாய்வது அவர்கள் மேல்தான். சிங்காநல்லூருக்குப் பிறகு ராத்திரி வண்டியில், முன்னே தண்டவாளத்தைப் பார்ப்பதா, குழாயைப் பார்ப்பதா என்று தவித்ததை அப்பாரு சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்பாருடைய இன்ஜினில், அந்தக் கண்ணாடிக் குழாயைச் சுற்றி இருக்கவேண்டிய காப்புக் கண்ணாடி உடைந்து கிடந்தது. ரிப்பேர் புத்தகத்தில் இரண்டு முறை எழுதவைத்தார். "சண்டைக் காலம், வண்டி போயாகணும்" என்றார்கள். ஒருநாள் குழாய் வெடித்தது. கொதிநீரும் ஆவியும் வலது கையை முழங்கைவரை அவித்துவிட்டன.

"தொட்டா, வெந்த கெழங்குத் தோலாட்டம் உரிஞ்சு வந்துச்சு கண்ணு" என்று அப்பத்தா சாகும்வரை சொல்லி அழுதாள்.

'கவனக்குறைவு' என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சல்லிக்காசு தரவில்லை. அந்த ரிப்பேர் புத்தகம் எங்கே போனது? கண்ணாடி மாட்டாதவனுடைய கவனம் எங்கே போயிருந்தது? வேலை கொடுத்தவனுக்கு அவர் கூலி. போராடியவர்களுக்கு வெள்ளைக்காரன் வண்டியில் வேலை செய்தவர். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவர் அள்ளிய கரியால் என்பது யார் கணக்கிலும் இல்லை.

தியாகிப் பட்டம் கேட்கவில்லை, பென்ஷனும் கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் ரயில் கவிழ்ந்த கதையைச் சொல்லும்போது, அந்தக் காலத்து இன்ஜின்களில் நெருப்புக்கு முன்னால் நின்றதும் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பாரு அந்த வலது கையால் சாகும்வரை ஒரு வாய்ச் சோறு அள்ளித் தின்றதில்லை.