யார் பேசினால் ‘கொச்சையாக’?

“எங்க அப்பா வயலுக்குப் போயிருக்காவ.” பள்ளிக் கட்டுரை நோட்டில் நான் எழுதிய வரி இது. ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘கொச்சையாக எழுதாதே’ என்று குறித்தார். கடையம் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு மை புதிதில்லை.

எழுத்துத் தமிழ் கற்றுத்தருவது ஆசிரியரின் கடமை. ‘எழுதும்போது போயிருக்கிறார்கள் என்று எழுது’ எனச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ‘கொச்சையாக’ என்ற சொல் அத்தோடு நிற்பதில்லை. பேச்சு வழக்கில் எழுதினாலும் கொச்சையாக, ஆபாசமாகப் பேசினாலும் கொச்சையாக. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், தன் வீட்டுப் பேச்சே அசிங்கம் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

‘போயிருக்காவ’வில் என்ன அசிங்கம்? அது நெல்லைச் சீமையின் மரியாதைச் சொல். அக்கிரகாரத்து ‘அவா வந்தா’வும் ‘அவர்கள் வந்தார்கள்’ தேய்ந்து வந்ததுதான். சினிமாவில் அது நளினம். ஆதிக்க சாதிக்காரர் ‘வந்தாவ’ என்றால் வட்டார வழக்கு, மண்வாசனை. அதையே காலனிப் பிள்ளை சொன்னால் கொச்சை.

இந்த ஓரவஞ்சனை பழையது. உயர்ந்தோர் பேசுவதே வழக்கு என்கிறது தொல்காப்பிய மரபியல். அறிவில் உயர்ந்தோர் என்று உரை சொல்லலாம்; அறிவை யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள்? 1960களில் இலங்கையில் கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் ஒடுக்கப்பட்டோரின் பேச்சை எழுத்தில் கொண்டுவந்தபோது, பண்டிதர்கள் ‘இழிசனர் இலக்கியம்’ என்று ஏசினார்கள். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ பேச்சுத் தமிழிலேயே வந்தபோதும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

பாரதி 1918 முதல் 1920 வரை கடையத்தில் வாழ்ந்ததை ஊரே பெருமையாகச் சொல்லும். எளிய பதம், எளிய நடை வேண்டும் என்று ‘பாஞ்சாலி சபத’ முன்னுரையில் கேட்டவர் அவர். எளிய சொல் வேண்டுமாம். எளியவர் சொல் மட்டும் வேண்டாமாம்!

நான் ‘போயிருக்காவ’ என்று மரியாதையோடு எழுதிய அதே அப்பாவை, வயல்காரர் வீட்டுச் சிறுவன் ‘ஏலே’ என்று கூப்பிட்டான். அதை யாரும் கொச்சை என்று சொன்னதில்லை. ‘இவர்களுக்குத் தனிக் குவளை’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். சந்தியிலும் குறையில்லை, திணையிலும் குறையில்லை. தமிழில் அதைவிடக் கொச்சையான வாக்கியம் எது?

தோழர்களே, அடுத்த முறை யாராவது ‘கொச்சையாகப் பேசாதே’ என்றால் திருப்பிக் கேளுங்கள்: குற்றம் பேச்சிலா, பேசுகிறவர் பிறப்பிலா?