சிறுநீரகம் மாற்றியும் விடாத க்ஷயம் - குற்றவாளி யார்?

தோழர்களே! இரண்டு சிறுநீரகங்களும் பழுதான தொழிலாளி ஒருவனை நினைத்துப் பாருங்கள். பெற்ற தாய் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறாள். ஆபரேஷன் வெற்றி! ஆறாம் மாதம் விடாத காய்ச்சல், உடல் இளைக்கிறது. பரிசோதித்தால் க்ஷயரோகம்.

"தலைவிதி" என்கிறார்கள் சிலர். "ஏழைகளே இப்படித்தான், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்" என்கிறார்கள் கனவான்கள். இரண்டும் பொய் என்கிறோம் நாம்!

1882-ல் ராபர்ட் கோக் கண்டுபிடித்த இக்கிருமி காற்றில் பரவுவது. காற்றோட்டமற்ற ஆலையிலும், குடும்பம் முழுவதும் முடங்கும் ஒற்றை அறையிலும் நம் நெஞ்சில் புகுந்து, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காதிருக்க, அந்தச் சக்தியையே மருந்தால் குறைக்கிறார்கள். காவல் தளர்ந்ததும் கிருமி விழிக்கிறது!

அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 100 பேரில் ஒருவருக்கு க்ஷயம் வருவதே அரிது. இந்தியாவிலோ 100-க்கு 10 பேருக்கு மேல் வந்ததாகப் பல ஆய்வுகள் கூறின. அதே ஆபரேஷன், அதே மருந்து! வித்தியாசம் வீட்டிலும் ஆலையிலும் கூலியிலும் இருக்கிறது. உலகின் க்ஷயரோகிகளில் நாலில் ஒருவர் இந்தியர் அல்லவா?

கொடுமை அதோடு நிற்கவில்லை. க்ஷயத்தின் முக்கிய மருந்தான ரிபாம்பிசின், சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளை உடம்பு வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடுகிறது. அவற்றின் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும். தவறினால் தாய் தந்த சிறுநீரகமே போய்விடும். தனியார் ஆஸ்பத்திரியில் இச்செலவு யார் தலையில்? கட்ட முடியாமல் மருந்தை நிறுத்துகிறவனை அலட்சியக்காரன் என்பதா?

1956-ல் சென்னையில் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1959-ல் அது வெளியிட்ட முடிவு என்ன? நெருக்கடியான வீட்டில் அரைவயிற்றுடன் இருந்த ஏழைகளும், இலவச மருந்தும் கவனிப்பும் கிடைத்ததும், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்தார்கள்! பழி சுமத்தும் கனவான்களுக்கு இதுவே பதில்.

ஆகவே கோருகிறோம்: ஆபரேஷனுக்கு முன்பே தருபவர், பெறுபவர் இருவருக்கும் க்ஷயப் பரிசோதனை, தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்து, ரத்தச் சோதனையும் கூடுதல் மருந்தும் முழுக்க சர்க்கார் செலவில், ஆலையில் காற்றோட்டம், குடியிருக்க நல்ல வீடு!

சிறுநீரகம் மாற்றிக்கொண்ட தோழர்களே, காய்ச்சல் நீடித்தாலோ எடை குறைந்தாலோ தாமதிக்காதீர்கள். உடனே உங்கள் டாக்டரிடம் செல்லுங்கள். மற்றவர்களே, இக்கோரிக்கைகளைச் சங்கந்தோறும் தீர்மானமாக்குங்கள்! தாய் தந்த உயிரைச் சுரண்டல் பறிக்க விடோம்!